ஒரே அறையில் கோழியும் பூனையும் நாங்களும்

எங்கள் வீடு ஒரே அறைதான். அதில் நாங்கள் ஐந்து பேர், ஒரு பூனை, ஒரு அடைக்கோழி. "எப்படிடி இருக்கீங்க?" என்று எல்லாரும் கேட்பதால் எழுதுகிறேன்.

கோழி அடைகாக்க 21 நாள். இருட்டு வேண்டும், சத்தம் ஆகாது. அதனால் கட்டிலுக்கு அடியில் ஒரு கூடையில் மணல் பரப்பி, வைக்கோல் போட்டு, 11 முட்டை வைத்தோம். அம்மாவின் பழைய பூப்போட்ட சேலையைக் கட்டிலைச் சுற்றித் திரையாகக் கட்டினேன். கோழிக்கு மறைப்பு, வீட்டுக்கும் அழகு. (இடிக்குப் பயந்து ஆச்சி ஓர் ஆணியும் கரித்துண்டும் போட்டார்கள். இருக்கட்டும்!)

தொல்லை கோழிப்பேன்தான். போன தடவை அது பாய்வரை வந்து, தம்பி ராத்திரி முழுக்கச் சொறிந்து அழுதான். "இனிமே கோழியே வேண்டாம்"னு அம்மா சொல்லிட்டாங்க. ஆனால் கோழி விற்ற காசில்தான் எனக்கு நோட்டு. அதனால் இந்தத் தடவை நான் பொறுப்பு. மணலோடு ஆறிய அடுப்புச் சாம்பலைக் கலந்தேன். தினமும் கோழி இரையெடுக்க வெளியே போகும்போது கட்டிலடியைப் பெருக்கி, பாயை வெயிலில் போடுவேன். 7-ம் நாள் ராத்திரி டார்ச் அடித்துப் பார்த்து, சிவப்பு நரம்பு ஓடாத 2 முட்டைகளை எடுத்துவிட்டேன். அழுகி வெடித்தால் நாங்கள் எங்கே போய்ப் படுப்பது?

பூனைக்கு எட்டாமல் பாலும் தயிரும் உறியில் தொங்குகின்றன. குஞ்சுகளை மூடப் பஞ்சாரம் தயார். இன்று 19-ம் நாள். பூனை அந்தச் சேலைத் திரையையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது.