அம்பு முனை முக்கோணமாகத்தான் இருக்க வேண்டுமா?

கற்கால அம்பு முனை என்றதும் பலருக்கும் நினைவில் வருவது, இருபுறமும் சீராகச் செதுக்கிய முக்கோணக் கல்தான். புத்தகங்களில் அதிகம் அச்சாகிற அமெரிக்காவின் குளோவிஸ் முனை அப்படித்தான் மனத்தில் பதிந்திருக்கிறது. ஏறத்தாழ 13,000 ஆண்டுப் பழமையான அதுவோ ஈட்டிக்குப் பூட்டியது. வில்லுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. அந்தப் படத்தை வைத்துக்கொண்டு குற்றாலம் அடிவாரத்திலோ சிற்றாற்றுக் கரையிலோ தேடுகிறவர் வெறுங்கையோடு திரும்பி, இந்தப் பக்கம் கற்காலமே இல்லை என்று முடிவு கட்டிவிடுவார். தென்காசி வட்டாரத்தில் ஆதி வேட்டைக்காரனின் தடயத்தை விரல் நக அளவுள்ள வெங்கச்சங்கல் சில்லுகளில்தான் தேட வேண்டும் என்பது என் வாதம்.

கருவியின் உருவத்தில் பாதியை அந்தந்த மண்ணின் கல்லே தீர்மானித்துவிடுகிறது. 1863-இல் பல்லாவரத்தில் ராபர்ட் புரூஸ் ஃபூட் கண்டெடுத்த கைக்கோடரியும், 15 லட்சம் ஆண்டுப் பழமை என்று கணிக்கப்பட்ட அதிரம்பாக்கத்துக் கருவிகளும் குவார்ட்சைட்டில் ஆனவை. அந்தக் கல் பெரிய பாளமாகக் கிடைக்கும். தட்டினால் சொன்னபடி உடையும். குற்றாலத்து மலையோ சார்னோகைட்டும் நைஸும். வீடு கட்ட உகந்த கல், கத்திக்கு உதவாது. அதன் ஊடே வெள்ளை நரம்பாக ஓடும் வெங்கச்சங்கல்லுக்குத்தான் கூர்விளிம்பு உண்டு. ஆனால் உள்ளுக்குள் விரிசல் ஓடியிருப்பதால் அது பெரும்பாலும் சிறு துண்டுகளாகவே உடையும். காவிரிக்குத் தெற்கே கைக்கோடரி அரிதாகவும் நுண்கற்கருவி தாராளமாகவும் கிடைப்பதற்கு இது ஒரு முக்கியக் காரணமாக எனக்குப் படுகிறது.

கிழக்கே சாயர்புரம், மெஞ்ஞானபுரம், குட்டம்புளி பக்கத்துத் தேரிகளைப் பாருங்கள். மலையடிவாரச் செம்மண்ணைத் தென்மேற்குக் காற்று வாரிக்கொண்டு போய்க் குவித்ததே தேரி என்று ஒரு விளக்கம் உண்டு. குற்றாலத்துக்குச் சாரல் கொண்டுவரும் அதே காற்று. தேரிகளில் கிடைத்த கருவிகளை ஆராய்ந்து தொல்லியலாளர்கள் சாய்னரும் ஆல்சினும் 1956-இல் எழுதினார்கள். வெங்கச்சங்கல்லிலும் செர்ட்டிலும் பிறை, முக்கோணம், சுரண்டி என்று சின்னஞ்சிறு கருவிகள். பழைய கடல்மட்டத்தை வைத்து அவற்றின் காலத்தை ஏறத்தாழ கி.மு. 4000 என்று கணித்தார்கள். அழுத்திச் செதுக்கிய இருமுகக் கூர்முனைகளும் அவற்றில் சில உண்டு. இலங்கையிலும் அவ்வகை கிடைக்கிறது. மேற்கே, செங்கோட்டையிலிருந்து ஆரியங்காவுக் கணவாயைத் தாண்டினால் தென்மலை. அங்குள்ள பாறை ஒதுக்கிடத்திலும் வெங்கச்சங்கல் நுண்கருவிகள் கிடைத்தன. கரித்துண்டின் வயது சுமார் 5,200 ஆண்டு. கணவாயின் கிழக்கு வாசலில் இருப்பது தென்காசி. இரு பக்கமும் ஒரே கல்லைச் செதுக்கிய மனிதர்கள் நடுவிலிருக்கும் நீர்வளமுள்ள இந்த வழியை மிதிக்காமல் இருந்தார்கள் என்று நம்புவதுதான் கடினம்.

இத்தனை சிறிய சில்லு மானைக் கொல்லுமா என்று கேட்கலாம். தென்னாப்பிரிக்காவின் சிபுடு குகையில் 60,000 ஆண்டுகளுக்கு முந்தைய வெங்கச்சங்கல் பிறைகளில் பிசினும் இரத்தக் கறையும் ஒட்டியிருந்தன. அவற்றை அம்பில் பூட்டியிருக்கிறார்கள் என்பது ஆய்வாளர் கணிப்பு. சுவீடனின் லோஷுல்ட் சதுப்பில் 1951-இல் கிடைத்த பைன் மர அம்பில் இரண்டு சில்லுகள் பிசினோடு அப்படியே இருந்தன: ஒன்று நுனியில், மற்றது பக்கவாட்டில் முள்ளாக. குச்சி மட்கிப்போன ஊரில் நம் கைக்கு வருவது அந்த இரண்டு சில்லு மட்டுமே. இலங்கையின் பாகியன்கல குகையில் 48,000 ஆண்டுகளுக்கு முன் மழைக்காட்டில் குரங்கும் அணிலும் வேட்டையாடியவர்கள் எலும்பையே அம்பு முனையாக்கினார்கள். எலும்பும் மூங்கிலும் நம் மலைக்காட்டு ஈரத்தில் எத்தனை காலம் தாங்கும்? கல் முனை கிடைக்காத இடத்தில் வில்லும் இல்லை என்று சொல்ல முடியாது.

இதைவிட வலுவான ஆட்சேபம் வேறு. வெங்கச்சங்கல் வெள்ளத்தில் உருண்டும் உடையும், ஜல்லி கிரஷரிலும் உடையும். கண்ட வெள்ளைத் துண்டையெல்லாம் கருவி என்று கொண்டாடலாமா? கூடாது. தனியாகக் கிடக்கும் ஒரு சில்லு எதையும் நிரூபிக்காது. ஆனால் வெள்ளம் ஒரு விளிம்பைக் கூராக விட்டு, எதிர் விளிம்பை மட்டும் வரிசையாகக் கொத்தி மழுக்காது. பிசினில் பதிப்பதற்காக மனிதன் மழுக்கிய முதுகு அது. சில்லு பெயர்த்த தழும்புகளோடு கருக்கல்லும், செதுக்கும்போது தெறித்த பொடியும் ஒரே இடத்தில் சேர்ந்து கிடந்தால் சந்தேகம் பெருமளவு தீரும். தென்காசி மாவட்டம் திருமலாபுரத்தில் தமிழ்நாடு தொல்லியல் துறை 2024-இல் தொடங்கிய அகழாய்வு இரும்புக்கால ஈமத்தாழிகளை வெளிக்கொணர்ந்தது. தாழி கண்ணில் படும் பொருள். நுண்கற்கருவிக்கு மழை கழுவிய ஓடைக்கரைகளைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தப் பொடியும் நழுவாதபடி சல்லடையின் கண் சிறியதாக இருக்க வேண்டும்.