டேங்க்கைத் திறக்காம கோளாறைத் தேடுறது எப்படி?

எங்க ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்ல, கோளாறு எவ்வளவு ஆழத்துல இருக்குன்னு கேட்டதுக்கு கம்ப்யூட்டர் கொடுத்த முதல் விடை ஒரு கற்பனை எண். மைனஸ் எண்ணோட வர்க்கமூலம்! ஏன்னு புரியவே ரெண்டு வாரம் ஆச்சு.

முதல்ல விஷயத்தைச் சொல்லிடறேன். பவர் ட்ரான்ஸ்ஃபார்மருக்குள்ள வைண்டிங்கைச் சுத்தி பேப்பர், அதைச் சுத்தி எண்ணெய். இந்த ரெண்டும்தான் இன்சுலேஷன். அதுல ஒரு சின்ன காற்றுக்குமிழ் மாட்டினாலோ, ஈரம் ஏறினாலோ, அந்த இடத்துல மட்டும் குட்டிக் குட்டியா டிஸ்சார்ஜ் நடக்கும். பேரு பார்ஷியல் டிஸ்சார்ஜ். உடனே ட்ரிப் ஆகாது. ஆனா பேப்பரை மெல்ல மெல்ல அரிச்சு, ஒருநாள் முழு ஷார்ட்டுல கொண்டுபோய் விடலாம். எண்ணெயில் கரைஞ்ச ஹைட்ரஜனை அளந்தா உள்ளே ஏதோ நடக்குதுன்னு தெரியும், எங்கேன்னு தெரியாது. இடம் தெரியாம எண்ணெயை வடிச்சு, டேங்க்கைத் திறந்து தேடுறது சின்ன வேலை இல்லை.

ஆனா ஒவ்வொரு டிஸ்சார்ஜும் நம்ம காதுக்கு எட்டாத ஒரு சத்தம் போடும். டேங்க் சுவருக்கு வெளியே கிரீஸ் தடவி, காந்தம் வெச்சு பீசோ சென்சாரை ஒட்டினா அதைப் பிடிக்கலாம். இடி மின்னல் கணக்குதான். எர்த் ஒயர்ல மாட்டின கரண்ட் சென்சார் 'மின்னல்' நேரத்தைச் சொல்லும், பீசோ 'இடி' நேரத்தைச் சொல்லும். எண்ணெயில் ஒலியின் வேகம் நொடிக்குச் சுமார் 1,400 மீட்டர். 700 மைக்ரோசெகண்ட் தாமதம்னா தூரம் 98 செ.மீ. மூணு சென்சார் வெச்சா மூணு கோளம். அவை சந்திக்கிற இடம்தான் கோளாறு. (ரெண்டு புள்ளி வரும். ஒண்ணு டேங்க்குக்கு வெளியே இருக்கும், விட்டுடுங்க.)

எங்க கோளங்கள் சந்திக்கவே இல்லை. காரணம், சுவர் ஸ்டீல்ங்கிறதை மறந்துட்டோம். ஸ்டீல்ல ஒலி நொடிக்கு 5,000 மீட்டரைத் தாண்டும். நாங்க எண்ணெய்க்குள்ள டிஸ்சார்ஜுக்காக வெச்ச ஊசி, சுவர்ல இருந்து 30 செ.மீ உள்ளே இருந்தது. ரெண்டு சென்சார் இடமும் வலமும் 60 செ.மீ தள்ளி. நேர்வழியில 67 செ.மீ, சுமார் 480 மைக்ரோசெகண்ட் ஆகணும். ஆனா சத்தம் பக்கத்துச் சுவரைத் தொட்டு, ஸ்டீல் வழியா ஓடி, சுமார் 320-லயே வந்துடுச்சு. பைபாஸ்ல போன பஸ் மாதிரி! கம்ப்யூட்டர் அதை 45 செ.மீன்னு எடுத்துக்கிச்சு. சென்சார்களுக்கு நடுவே இருக்கறதோ 120 செ.மீ. 45-ம் 45-ம் எப்படித் தொடும்?

தீர்வு எளிமையானது. எந்த சென்சாருக்குச் சத்தம் முதல்ல வருதுன்னு பார்த்து, மத்ததை அது பக்கமா நகர்த்தணும். ஊசிக்கு நேரெதிரா நெருங்கினதும் விடை சில செ.மீ வித்தியாசத்துக்குள்ள வந்துச்சு.

நிஜ ட்ரான்ஸ்ஃபார்மர்ல இன்னும் தொல்லை. வைண்டிங்கும் கோரும் சத்தத்தை மறைக்கும். 80 டிகிரியில எண்ணெயில் ஒலி வேகம் 1,200 பக்கம் இறங்கிடும். அடுத்த ரிவ்யூவுக்கு எண்ணெயைச் சூடாக்கி அளக்கப் போறோம்.