ஒளியை அளக்கும் முள்

நம் இல்லங்கள் பலவற்றில் பீரோவின் மேல்தட்டில், தோல் உறைக்குள், பழைய காமிரா ஒன்று உறங்கிக்கொண்டிருக்கும். தந்தையாரோ வெளிநாட்டில் பணிபுரிந்த மாமாவோ வாங்கியதாக இருக்கும். குடும்பத்துத் திருமணங்களும், பிள்ளைகள் புதுநன்மை வாங்கிய நாளும், பாட்டியாரின் கடைசிக் காலத்து முகமும் அதன் வழியாகவே ஆல்பத்தில் ஏறியிருக்கும். இன்று அதனை மீண்டும் கையிலெடுக்கும் இளைஞர்கள் பெருகி வருகின்றனர். மகிழ்ச்சியே. ஆயின் ஒரு சுருளில் 36 படங்கள்தாம். உதகமண்டலத்தில் 1960இல் தொடங்கப்பட்டு, 'இந்து' என்ற பெயரில் நம் நாட்டுப் பிலிமைத் தந்த தொழிற்சாலை மூடப்பட்டுவிட்டது. வெளிநாட்டுப் பிலிமோ விலை மிகுந்தது. எடுத்த படம் கழுவி வரும் வரையில் அதன் கதி தெரியாது. கைப்பேசியைப்போல் உடனே பார்த்து மீண்டும் எடுக்க, மணமக்கள் இரண்டாம் முறை மாலை மாற்றப்போவதில்லை.

ஆகவே, ஒளியை அளக்கக் கற்றுக்கொள்வது முதல் வேலை. இராஜபாளையத்திற்கும் திருவில்லிபுத்தூருக்கும் இடைப்பட்ட பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்ச் சாலையைவிட இதற்கு ஏற்ற பள்ளிக்கூடம் வேறு வேண்டியதில்லை. காமிராவில் பிலிம்கூட வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகமும் பென்சிலும் போதும்.

காமிராவில் நம் கைக்கு அடங்குபவை மூன்று. ஒன்று, பிலிமின் வேகம். பெட்டியின்மேல் 100, 200, 400 என்று அச்சிட்டிருக்கும். பழைய காமிராக்களில் ஏ.எஸ்.ஏ. என்றும் இன்றைய பெட்டிகளில் ஐ.எஸ்.ஓ. என்றும் இருக்கும், எண் ஒன்றே. இரண்டாவது ஷட்டர், 60, 125, 250 என்பவை ஒரு வினாடியின் பங்குகள். மூன்றாவது லென்சின் துவாரம், 2.8, 4, 5.6, 8, 11, 16 என்று வளையத்தில் ஓடும். இந்த எண் பெருகப் பெருகத் துவாரம் சிறுக்கும் என்பதுதான் பலரை மயங்கவைப்பது. ஒரு படி ஏறினால் ஒளி பாதியாகும். ஒரு படி இறங்கினால் இருமடங்காகும். ஷட்டரும் அவ்வாறே. எனவே 125இல் 16 என்பதும், 250இல் 11 என்பதும், 500இல் 8 என்பதும் பிலிமின்மீது ஒரே அளவு ஒளியைத்தான் விழச்செய்யும். குழாயைச் சிறிது திறந்து நெடுநேரம் குடம் நிரப்புவதும், முழுதும் திறந்து விரைவில் நிரப்புவதும் போலத்தான்.

முன்னோர் மனப்பாடமாக வைத்திருந்த கணக்கு ஒன்றுண்டு. நல்ல வெயிலில் துவாரம் 16. ஷட்டர், பிலிமின் வேகத்திற்கு அண்மையான எண். 100 வேகப் பிலிமானால் 125. நிழலின் ஓரம் மங்கினால் 11. நிழலே விழாத மேகமூட்டமானால் 8. திறந்த நிழலில் 5.6. மேற்குத் தொடர்ச்சி மலைக்குப் பின்னே கதிரவன் மறைந்த மாலைப் பொழுதில், வானம் இன்னும் வெளிச்சமாயிருப்பினும் தரையில் நிற்பவருக்குக் கிடைப்பது இந்தத் திறந்த நிழலின் ஒளிதான். ஒளிமானியே இல்லாத அக்ஃபா கிளிக் போன்ற எளிய பெட்டிக் காமிராக்கள் இத்தகைய கணக்கின் துணையால்தான் நம் ஊர்களில் ஓடின.

1976இல் வெளிவந்த பென்டாக்ஸ் கே 1000 போன்ற காமிராக்களில் ஒளிமானி உள்ளேயே உண்டு. கண்ணை வைத்தால் வலப்புறம் ஒரு முள் தெரியும். வளையத்தைத் திருப்பி அதனை நடுவில் நிறுத்தினால் ஒளி சரி என்று பொருள். எது சரி? அங்கேதான் சிக்கல். அந்த முள்ளுக்குத் தான் பார்ப்பது இன்னதென்று தெரியாது. உலகம் முழுவதையும் நடுத்தரச் சாம்பல் நிறமாகவே அது எண்ணிக்கொள்கிறது.

இராஜபாளையம் நாயை நினைத்துப் பாருங்கள். பால் வெள்ளை உடல், இளஞ்சிவப்பு மூக்கு. 2005இல் இந்திய அஞ்சல் துறை வெளியிட்ட நாயினத் தபால்தலைகளில் இடம்பெற்ற பெருமையுடையது. அதனை வெயிலில் நிறுத்தி, காட்சி நிறைய வெள்ளை தெரியும்படி முள்ளை நடுவில் நிறுத்தி எடுத்தால் படத்தில் நிற்பது சாம்பல் நாய். "வெளிச்சம் மிகுதி, துவாரத்தைச் சுருக்கு" என்று முள் தவறாக உரைத்துவிட்டது. அது சொன்னதற்கு ஏறக்குறைய இரண்டு படி கூடுதலாகத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகும். இராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் வெயிலில் உலரும் மருத்துவக் கட்டுத்துணிக்கும் இதே கணக்குத்தான். கறுப்பு எருமைக்கு நேர்மாறாகச் சுருக்க வேண்டும்.

திருவில்லிபுத்தூர்க் கோபுரம் வேறொரு பாடம் கற்பிக்கிறது. பதினொரு நிலைகள், 192 அடி உயரம் என்பர். அதனை முழுமையாகச் சட்டத்துள் அடக்கக் காமிராவை மேல்நோக்கிச் சாய்த்தால் பாதிக்குமேல் வானம் புகுந்துவிடும். முள் வானத்தை அளக்கும், கோபுரம் கரிக்கட்டையாகும். இதற்கு மருந்து எளிது. காமிராவைத் தாழ்த்தி, அதே வெயிலில் கிடக்கும் தரையையோ மதிலையோ அளந்து, அந்த அளவை மாற்றாமல் மீண்டும் உயர்த்தி எடுக்க வேண்டும்.

எங்கும் உடன்வரும் அளவுகோல் ஒன்று நம்மிடமே இருக்கிறது: உள்ளங்கை. முகங்கள் கறுப்பும் சிவப்புமாய் வேறுபடினும் உள்ளங்கைகள் பெரிதும் வேறுபடுவதில்லை. அது நடுச்சாம்பலைவிட ஏறத்தாழ ஒரு படி வெளிச்சமானது. அதனை அளந்து ஒரு படி திறந்தால் போதும். உச்சி வெயிலில், 100 வேகத்தில், 125இல் உள்ளங்கையை அளந்தால் முள் 22ஐக் காட்ட வேண்டும். ஒரு படி திறந்தால் 16. பழைய கணக்கும் அதுவே. பெரிதும் மாறினால் மானியின்மீது ஐயம் கொள்க.

ஐயம் கொள்ள இடமுண்டு. பேட்டரியின்றி ஒளியிலிருந்தே மின்சாரம் பெறும் செலினியம் மானிகள் வயதில் சோர்ந்துபோகும்; முள் அசைவதனால் மட்டும் அது உண்மை சொல்வதாகாது. வேறு சில பழைய காமிராக்கள் 1.35 வோல்ட் பாதரச பேட்டரிக்காக அமைந்தவை. நச்சு என்பதால் பாதரச பேட்டரி நிறுத்தப்பட்டது, இன்றைய 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் அவற்றுள் பல, ஒளியை மிகுத்துக் காட்டிப் படத்தை இருளச்செய்யும். கே 1000க்கு இத்தொல்லை இல்லை. ஆயினும் அதன் மானிக்குத் தனி சுவிட்ச் கிடையாது. லென்சை மூடிவைக்காவிடில் பேட்டரி வீணாகும்.

இனி, கோவிலுக்குள் வருவோம். மணமகன் கறுப்புக் கோட்டிலும் மணமகள் வெண்பட்டிலும் நிற்கையில், முள் கோட்டைப் பார்த்தால் பட்டின் வேலைப்பாடு வெளுத்து மறையும். பட்டைப் பார்த்தால் இருவர் முகமும் இருளும். திருப்பலி தொடங்குமுன்னரே, குருவானவரின் அனுமதி பெற்று, மணமக்கள் நிற்கவிருக்கும் இடத்தில் உள்ளங்கையை அளந்து குறித்துக்கொள்க. அதன்பின் முள் எப்படி ஆடினும், விளக்குகள் மாறாதவரை வளையத்தைத் தொட வேண்டாம். 400 வேகப் பிலிமுக்கு உள்ளே 30இல் 2.8 எனக் கிடைத்தால், வெளியே வெயிலில் 500இல் 16. ஒன்பது படி, அதாவது ஐந்நூறு மடங்குக்குமேல். நம் கண்ணோ வாயிற்படியைத் தாண்டுகையில் இதனை உணர்வதே இல்லை. மணமக்கள் முகப்பு மண்டபத்து நிழலில் நின்று, பின்னே தெரு வெயிலில் ஒளிரும்போது மீண்டும் ஒருமுறை, நிழலுக்குள் நீட்டிய உள்ளங்கையை அளந்து எடுக்க. தெரு வெளுத்துப் போகும், போகட்டும்.