சிகிச்சையாளரே மனத்தைப் புண்படுத்தினால்

அறுவை மருத்துவரிடம் நோயாளி தம் உடலை ஒப்படைக்கிறார். உளச்சிகிச்சையாளரிடமோ தம் அச்சங்களையும், வீட்டாரிடமும் கூறாத இரகசியங்களையும் ஒப்படைக்கிறார். பாலியல் அத்துமீறல் நிகழ்ந்தால் அது குற்றம் என்பதை எவரும் அறிவர். ஆனால் இழித்துரைத்தல், அச்சுறுத்தல், தம்மையன்றி வேறு கதியில்லை என நம்பச் செய்தல் ஆகிய உணர்வுவழிக் கொடுமைகளுக்குத் தழும்பும் இல்லை, சாட்சியும் இல்லை.

சிகிச்சையின்போது நோயாளி, தாய் தந்தையர்பால் கொண்டிருந்த அன்பையும் அச்சத்தையும் தம்மையறியாமல் சிகிச்சையாளர்மீது ஏற்றிவிடுகிறார். இவ்வுணர்வு சிகிச்சைச் சூழலில் விளைவதே. அதனைத் தமது சொந்தக் கவர்ச்சியின் பயன் என மருத்துவர் கொள்ளலாகாது என்று சிக்மண்ட் பிராய்டு 1915ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். நேர்மையான சிகிச்சையாளர் இவ்வுணர்வை நோயாளி தம்மை அறிந்துகொள்ளும் கருவியாக்குவார். நேர்மையற்றவர் கையில் அது கடிவாளமாகிவிடுகிறது.

ஓர் எடுத்துக்காட்டைக் கருதுவோம். கணவரின் கடுஞ்சொல் தாளாமல் ஆலோசனை நாடிய பெண்ணிடம், சில மாதங்களில், "உங்கள் தோழியர் உங்களைக் கெடுக்கின்றனர்; அவர்களிடம் பேசாதீர்கள்" என்கிறார் ஆலோசகர். அவர் மறுத்தால், "பார்த்தீர்களா, இதுதான் உங்கள் நோய்" என்கிறார். சென்ற வாரம் கூறியதையே கூறவில்லை எனச் சாதிக்கிறார். விலக விரும்பினால், "என்னை விட்டால் நீங்கள் சிதைந்துபோவீர்கள்" என்கிறார். எந்த மறுப்பையும் நோயின் அறிகுறியாகவே மாற்றிவிடும் இந்த உத்திதான் மிகக் கொடியது. தம் அறிவையே ஐயுறுபவர் எவரிடம் சென்று முறையிடுவார்?

சங்கடமான கேள்வி ஒவ்வொன்றும் கொடுமையாகிவிடாது. நல்ல சிகிச்சையிலும் வேதனை உண்டு. ஆயின் அங்கே நோயாளி "இது என்னைப் புண்படுத்துகிறது" என்று கூறலாம், அச்சொல் கேட்கப்படும். வேறொருவரின் கருத்தை நாடவும் தடையிராது.

மீட்சியின் முதற்படி தொடர்பை நிறுத்துவது. அதற்கு விளக்கமளிக்கும் இறுதிச் சந்திப்பு கட்டாயமன்று. ஒரு கடிதம் போதும். மருந்தும் உட்கொண்டு வருபவர் அதனைத் திடீரென நிறுத்தாமல், வேறு மருத்துவரை அணுக வேண்டும். நிறுத்திய பின்னர் பலருக்கு நிம்மதியைவிட ஏக்கமே மிகுதியாகத் தோன்றுகிறது. கொடுமை செய்தவரையே மனம் தேடுவது கண்டு அவர்கள் வெட்கமுறுகின்றனர். இது பிணைப்பு அறுந்ததன் துயரமேயன்றி, கொடுமை நிகழவில்லை என்பதற்குச் சான்றன்று. நடந்தவற்றைத் தேதியிட்டு எழுதிவைப்பது, குலைந்த நினைவின்மீது மீண்டும் நம்பிக்கை பிறக்க உதவும். பின்னர் முறையீட்டுக்கும் பயன்படும். நம்பத்தக்க ஒருவரிடமேனும் கூறுதல் நன்று. புதிய சிகிச்சையாளரிடம் விரைய வேண்டியதில்லை. செல்லும்போது முன் நிகழ்ந்ததை முதலிலேயே தெரிவித்து, அவர் எவ்வாறு கேட்கிறார் என்பதைக் கவனிக்கலாம். சக தொழிலரைக் காக்க முற்படுபவரெனில் எழுந்து வந்துவிடலாம்.

முறையிடும் வழி, கொடுமை புரிந்தவரின் தகுதியைப் பொறுத்தது. மனநல மருத்துவரெனில் மாநில மருத்துவ மன்றத்தை அணுகலாம். மருத்துவ உளவியலாளர்கள் 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு பெற வேண்டியவர்கள். 'ஆலோசகர்' என்ற பெயர்ப்பலகைக்கோ நெடுங்காலம் எக்கட்டுப்பாடும் இருந்ததில்லை. 2021ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டம்தான் உளவியலாளர் உள்ளிட்டோரை ஒழுங்குமுறைக்குள் கொணர முற்பட்டது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் முறையீட்டு உரிமையை அளிக்கிறது. எனினும் அவ்வுரிமை நோயாளர் தங்கிச் சிகிச்சை பெறும் நிலையங்களைப் பற்றியதே. கொடுமை நிகழ வாய்ப்புள்ள தனி ஆலோசனை அறை அதன் எல்லைக்கு வெளியே நிற்கிறது. இது சட்டத்தின் பெருங்குறை என்றே கூற வேண்டும்.

கட்டணம் செலுத்தியவர் நுகர்வோர் ஆணையத்தையும் நாடலாம். மருத்துவச் சேவை நுகர்வோர் சட்டத்துள் அடங்கும் என உச்ச நீதிமன்றம் 1995இல் தீர்ப்பளித்துள்ளது. வழக்குத் தொடர இரண்டு ஆண்டுகளே காலவரையறை. தமக்கு நிகழ்ந்தது கொடுமை என்று உணர்வதற்கே சிலருக்கு அத்தனைக் காலம் ஆகிவிடுகிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தை மன்னிக்க ஆணையத்துக்கு அதிகாரம் உண்டு. தேதியிட்ட குறிப்புகள் அப்போது கைகொடுக்கும்.