அந்தத் தேதி எதை முடிக்கிறது?

காஞ்சிபுரத்துப் பட்டுக்கடை ஒன்று கோலாலம்பூர் வியாபாரிக்கு எல்.சி. (வங்கிக் கடனுறுதிக் கடிதம்) மூலம் சேலைகளை விற்கிறது என்று வைத்துக்கொள்வோம். சி.ஐ.பி. விலை என்பதால் விமானக் கட்டணமும் காப்பீடும் விற்பவர் பொறுப்பு. மீனம்பாக்கத்தில் சரக்கு ஏறியாயிற்று. ஏர்வே பில், இன்வாய்ஸ், காப்பீட்டுச் சான்றிதழ் எல்லாம் வங்கிக்குப் போயின. சில நாளில் பதில் வருகிறது: சான்றிதழில் முடிவுத் தேதி இருக்கிறதாம், பணம் தர இயலாதாம்.

எல்.சி.யில் வங்கி சரக்கைப் பார்ப்பதில்லை, தாளைத்தான் பார்க்கும். கோர்வை எவ்வளவு நேர்த்தி, ஜரிகை எவ்வளவு கனம் என்பதெல்லாம் அதற்குப் பொருட்டில்லை. சர்வதேச வர்த்தக சபையின் யு.சி.பி. 600 விதிகள் 2007 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ளன. அவற்றில் 28ஆவது விதி காப்பீட்டுத் தாளுக்கானது. தற்காலிகமாகத் தரும் கவர் நோட் செல்லாது. எல்.சி. வேறு சொல்லாவிட்டால் காப்பீட்டுத் தொகை, சி.ஐ.எஃப். அல்லது சி.ஐ.பி. மதிப்பில் குறைந்தது 110 சதவீதம் இருக்க வேண்டும். இவற்றைக் காப்பீட்டு ஏஜென்டே கவனித்துவிடுவார். தேதிதான் கண்ணில் படாமல் நழுவும்.

முதலில், சான்றிதழ் எழுதிய தேதி. சரக்கு ஏறிய நாளுக்குப் பிந்தியதாக இது இருக்கக் கூடாது. பிந்திவிட்டால், சரக்கு ஏறிய நாளிலிருந்தோ அதற்கு முன்பிருந்தோ பாதுகாப்பு உண்டு என்று தாளிலேயே எழுதியிருக்க வேண்டும். அடுத்தது, ஆண்டு முழுவதற்கும் எடுக்கும் ஓப்பன் கவரின் முடிவுத் தேதி. மார்ச் 31 என்று இருந்தால், அதற்குள் புறப்படும் சரக்குக்குப் பாதுகாப்பு என்பதே பொருள். அந்தப் பொருள் தாளில் தெளிவாக இருந்தால் தொல்லையில்லை. வெறுமனே ‘மார்ச் 31 வரை செல்லும்’ என்று நின்றுவிட்டால், எதற்கான முடிவு என்ற கேள்வி எழும்.

உண்மையில் ஆபத்தானது மூன்றாவது: ‘இந்தத் தேதிக்குள் கிளெய்ம் கேட்க வேண்டும்’ என்பது. காப்பீட்டுத் தாளில் அப்படி ஒரு கெடு இருக்கக் கூடாது என்று வங்கிகளுக்கான ஐ.எஸ்.பி.பி. 745 நடைமுறைத் தொகுப்பு சொல்கிறது. இதை வங்கியின் முரண்டு என்று நான் நினைக்கவில்லை. ஈரம் பட்டு ஜரிகை கறுத்தது பெட்டியைப் பிரிக்கும்போதுதான் தெரியும். அதற்குள் கெடு முடிந்திருந்தால், வாங்கியவருக்கும் அவருக்காகப் பணம் கொடுத்த வங்கிக்கும் அந்தத் தாளால் பயனில்லை.

பயணம் எத்தனை நாள் என்பதும் நம் கையில் இல்லை. 2021 மார்ச் 23 அன்று சூயஸ் கால்வாயில் சிக்கிய எவர் கிவன் கப்பல் ஆறு நாளில் மீண்டது. ஆனால் எகிப்து அதை ஜூலை 7 வரை விடவில்லை. ராட்டர்டாம் சேர ஜூலை கடைசி ஆயிற்று. இதற்காகத்தான் பொதுவாகப் பயன்படும் இன்ஸ்டிடியூட் கார்கோ கிளாஸ்கள் என்ற சரக்குக் காப்பீட்டு நிபந்தனைகள் நாள்காட்டித் தேதியைப் போடுவதில்லை. விமானச் சரக்கானால் கடைசி இடத்தில் இறக்கி 30 நாள், கப்பலானால் இறக்கி 60 நாள் என்பது மேல்வரம்பு. அதற்கு முன்பே சரக்கு உரிய இடம் சேர்ந்துவிட்டால் பாதுகாப்பும் அங்கேயே முடியும். சுங்கத்தில் பெட்டி நாள்கணக்கில் கிடந்தால் இந்த வரம்பை வாங்குபவருக்கு நினைவூட்டுங்கள்.

தாள் திரும்பி வந்துவிட்டால்? தாள்கள் சேர்ந்த மறுநாளிலிருந்து ஐந்து வங்கி நாள்களுக்குள், குறைகள் அனைத்தையும் ஒரே அறிவிப்பில் வங்கி சொல்லியாக வேண்டும். தவறினால், பிறகு அந்தக் குறைகளைக் காட்டிப் பணத்தை மறுக்க முடியாது. நேரம் இருந்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் திருத்தச் சான்று வாங்கி, எல்.சி. காலாவதியாகும் முன், பொதுவாகச் சரக்கு ஏறிய 21 நாளுக்குள், மறுபடி கொடுக்கலாம். நேரம் இல்லையென்றால் குறையை ஏற்கும்படி வாங்குபவரைக் கேட்பதுதான் வழி. அப்போது அவர் விலையைக் குறைக்கச் சொன்னாலும் வியப்பில்லை.

கிளெய்ம் கெடு விஷயத்தில் நம் சட்டம் தாராளமானது. 1997 திருத்தத்துக்குப் பிறகு, இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 28ஆம் பிரிவுப்படி, ஒரு கெடு முடிந்ததும் உரிமையே போய்விடும் என்ற நிபந்தனை அந்த அளவுக்குச் செல்லாது. இழப்பு நேர்ந்த நாளிலிருந்தோ கிளெய்ம் மறுக்கப்பட்ட நாளிலிருந்தோ மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். ஆனால் இதைச் சொல்லிக் கோலாலம்பூர் வங்கியை அசைக்க முடியாது. அங்கே தாளில் உள்ளதுதான் பேசும்.

சரக்கு போய்ச் சேர்ந்தபின் சேதம் தெரிந்தால், அதைப் பெற்ற நாளிலிருந்து 14 நாளுக்குள் விமான நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் போக வேண்டும். மாண்ட்ரியல் உடன்படிக்கை வைத்த கெடு அது. சர்வேயர் பார்க்கும்வரை அட்டைப்பெட்டியையும் ஈரமான உறைகளையும் எறியக் கூடாது. காப்பீட்டு நிறுவனம் மறுத்தால் முதலில் அதன் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள். காப்பீட்டுப் புகார்களுக்கான பீமா பரோசா தளத்திலோ 155255 எண்ணிலோ புகார் பதியலாம். தனிநபர் உரிமைக் கடைகளும் குறுந்தொழில்களும் சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். 50 லட்சம் ரூபாய் வரை அவர் தீர்ப்பளிக்க முடியும். நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் அந்த மனு போய்ச் சேர வேண்டும்.