வீட்டுக்கு ஒரு மல்டிமீற்றர்: விலையை மட்டும் பார்த்து வாங்கலாமா?



டோர்ச் எரியவில்லை என்றால் பற்றரி தீர்ந்ததா, பல்ப் போனதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றுகிறோம். அயன் சூடாகாவிட்டால் பிளக்கினுள் உள்ள பியூஸ் எரிந்ததா, வயர் அறுந்ததா என்று தெரியாமல் கடைக்குத் தூக்கிச் செல்கிறோம். வாப்பா வெளிநாட்டில் தொழில் செய்யும் வீடுகளில் இந்தச் சில்லறை வேலைகள் எல்லாம் உம்மாவின் தலையிலேயே விழுகின்றன. அல்லது சாதாரண தரம் படிக்கும் மகன், "உம்மா, நான் பார்க்கிறேன்" என்று முன்வருகிறான். அத்தகைய வீட்டில் ஒரு மல்டிமீற்றர் இருப்பது நல்லதே. ஆனால் எதை வாங்குவது, எதில் வைத்துப் பார்ப்பது என்று அறியாமல் வாங்கினால் உதவிக்கு வந்த பொருளே ஆபத்தாகிவிடும்.

மல்டிமீற்றர் என்பது என்ன?

பல்மானி என்றும் இதனைச் சொல்வார்கள். மின்னழுத்தம், மின்னோட்டம், தடை ஆகிய மூன்றையும் ஒரே கருவி அளக்கிறது. இங்கிலாந்தின் அஞ்சல் திணைக்களத்தில் பொறியியலாளராக இருந்த டொனல்ட் மெக்கடி, மூன்று கருவிகளைச் சுமந்து திரிய வேண்டியிருக்கிறதே என்று சலித்து ஒன்றாக்கியது இது. 1923இல் 'ஏவோ' என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது.

மலிவு எங்கே இடிக்கிறது?

ஹாட்வெயார் கடைகளிலும் நடைபாதைக் கடைகளிலும் மஞ்சள் நிறத்தில், உள்ளங்கையில் அடங்கும் மீற்றர்களைக் கண்டிருப்பீர்கள். பலவற்றில் 830 என்ற இலக்கம் இருக்கும். முகப்பில் 750 வோல்ற் வரை அளக்கும் என்று எழுதியிருக்கும். நமது வீட்டு மின்சாரம் 230 வோல்ற் தானே, பிறகென்ன பயம் என்று தோன்றும்.

பயம் இலக்கத்தில் இல்லை, உள்ளே இருக்கிறது. இடி மின்னலின்போதும் பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் வீட்டு வயரில் ஒரு கணம் ஆயிரக்கணக்கான வோல்ற் பாய்ந்து செல்லலாம். அந்தக் கணத்தைத் தாங்கும் இடைவெளியும் காப்பும் மிக மலிவான மீற்றர்கள் பலவற்றில் இல்லை. அவற்றின் 10 அம்பியர் துளைக்குப் பெரும்பாலும் பியூஸே கிடையாது. சிவப்பு வயரை அந்தத் துளையில் மறந்து விட்டுவிட்டு, இரு முனைகளையும் பிளக் பொயின்டில் நுழைத்தால் வெறும் கம்பியை நுழைத்ததற்குச் சமம். கையிலிருக்கும் மீற்றரே தீப்பொறியுடன் வெடிக்கலாம்.

ஆகவே சகோதரிகளே, கூடுதலாகக் கொடுக்கும் பணம் நுணுக்கமாக அளப்பதற்கு அல்ல. 230ஐ 228 என்று காட்டினால் நமக்கு நட்டமில்லை. அந்தப் பணம் கைக்கும் கண்ணுக்கும் கொடுக்கும் காவல்.

வாங்கும்போது பார்க்க வேண்டியவை

முதலாவது, துளைகளின் அருகே சீ, ஏ, டீ என்ற மூன்று ஆங்கில எழுத்துகளும் அவற்றோடு உரோம இலக்கமும் இருக்கின்றனவா என்று பாருங்கள். இரண்டு கோடுகள் இருந்தால் பிளக் பொயின்டில் செருகும் சாமான்களுக்கு உரியது. மூன்று கோடுகள் இருந்தால் மெயின் போர்ட், சுவர் வயர் ஆகியவற்றுக்கும் உரியது. வீட்டுக்கு மூன்று கோடுகளும் 600 வோல்ற்றும் குறித்தது சிறந்தது. அது 6000 வோல்ற் வரையான திடீர்ப் பாய்ச்சலைத் தாங்க வேண்டும் என்பது சர்வதேச நியமம். எழுத்தை யாரும் அச்சடிக்கலாம் என்பதால், பெயர் தெரிந்த தயாரிப்பை, பற்றுச்சீட்டுத் தரும் கடையில் வாங்குங்கள்.

இரண்டாவது, 10 அம்பியர் துளைக்கும் பியூஸ் உண்டா என்று கேளுங்கள். மணல் நிரப்பிய பீங்கான் பியூஸ் நல்லது. கண்ணாடி பியூஸ் பெரிய மின்னோட்டத்தில் தானே சிதறக்கூடும்.

மூன்றாவது, வயர்கள் தடிப்பாகவும் வளையக்கூடியதாகவும் இருக்க வேண்டும். பிடியில் விரல் வழுக்காதபடி ஒரு விளிம்பு வேண்டும். முனையில் சிறிதளவு உலோகமே வெளியே தெரிய வேண்டும்.

நான்காவது, அளவைத் தானே தெரிவு செய்யும் மீற்றராக இருந்தால் எப்போதாவது எடுப்பவருக்கு இலகு. தானாக அணையும் வசதியும், வயர் அறுந்ததா என்று 'பீப்' ஒலியால் சொல்லும் வசதியும் போதும். மற்ற வசதிகளுக்குப் பணம் கொட்ட வேண்டாம்.

வீட்டில் செய்யத்தக்கவை

இல்லத்தரசிக்கு வேண்டிய பரிசோதனைகளில் பெரும்பாலானவை மின்சாரமே இல்லாமல் செய்பவை.

பற்றரி: புதிய டோர்ச் பற்றரி 1.5 வோல்ற்றுக்குச் சற்றுக் கூடக் காட்டும். 1.2க்கு இறங்கினால் டோர்ச்சுக்கு உதவாது. சுவர்க் கடிகாரத்தில் இன்னும் சில நாள் ஓடும். மோட்டார் சைக்கிள் பற்றரி ஓய்வில் 12.6 அளவில் இருந்தால் நிறைந்திருக்கிறது. 12க்குக் கீழே என்றால் சார்ஜ் செய்ய வேண்டும்.

பிளக் பியூஸ்: 13 அம்பியர் பிளக்கைக் கழற்றி, உள்ளிருக்கும் பியூஸை வெளியே எடுத்து, இரு முனைகளிலும் வைத்துப் பாருங்கள். பீப் ஒலித்தால் பியூஸ் நல்லது.

அயனும் கேத்தலும்: மூன்று கால் பிளக்கைச் சுவரிலிருந்து முற்றாகக் கழற்றுங்கள். ஒரு முனையைப் பிளக்கின் நீளமான காலிலும் மற்றதைச் சாமானின் பூச்சில்லாத உலோகத்திலும் வையுங்கள். பீப் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிட்டால் எர்த் வயர் அறுந்திருக்கக்கூடும். சாமான் சூடாகும், வேலை செய்யும்; ஆனால் உள்ளே ஒழுக்கு ஏற்படும் நாளில் தொட்டவரை அடிக்கும். திருத்தும்வரை அதனைப் பாவிக்க வேண்டாம். ஒரு நிமிடப் பரிசோதனைதான். மீற்றரின் முழு விலையும் இதிலேயே வந்துவிடும்.

எல்லை எது?

வீட்டில் ஏற்கெனவே மஞ்சள் மீற்றர் இருந்தால் எறிய வேண்டாம். பற்றரிக்கும், சுவரிலிருந்து கழற்றிய சாமானுக்கும் மட்டும் என்று அதன் முதுகில் எழுதி ஒட்டுங்கள். பிளக் பொயின்ட் பக்கம் கொண்டு போக வேண்டாம் என்று பிள்ளைகளுக்கும் சொல்லிவையுங்கள்.

நல்ல மீற்றரானாலும் மெயின் போர்டைத் திறப்பது தகுதி பெற்ற மின் வேலைக்காரரின் பணி. மீற்றர் பூச்சியம் காட்டினால் மின்சாரம் இல்லை என்று உடனே நம்பிவிடவும் கூடாது. மீற்றரின் வயரே அறுந்திருக்கலாம். வேலை செய்கிறது என்று தெரிந்த ஓரிடத்தில் முன்னும் பின்னும் சோதித்துப் பார்ப்பதே தொழில் தெரிந்தவர்களின் வழக்கம்.

மாதக்கணக்கில் எடுக்காத மீற்றரின் பற்றரியைக் கழற்றி வையுங்கள். இல்லாவிட்டால் கசிந்து உள்ளே அரித்துவிடும். சிறு பிள்ளைகளின் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எடுக்கும் ஒவ்வொரு முறையும் சிவப்பு வயர் எந்தத் துளையில் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்; பிறகு அளவுங்கள்.