முயலுக்கு வைக்கோல் போதுமா?

மகளின் பிடிவாதத்தால் காப்பாரில் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு முயல் வந்தது. கூடவே வந்த 'ஹே' பை தீர்ந்ததும் அடுத்த பை வாங்கப் போனேன். விலையைக் கேட்டு மலைத்துவிட்டேன். அமெரிக்காவிலிருந்து வரும் திமோத்தி புல்லாம்!

காய்ந்த புல்லுக்கா இவ்வளவு காசு என்று, எங்கள் ஊர் வழியே வடக்கே போகும் சாலையைப் பிடித்து செக்கிஞ்சானுக்குப் போனேன். நெல் அறுவடை முடிந்திருந்த ஒரு வயலில் கேட்டு, ஒரு சாக்கு வைக்கோல் வாங்கி வந்தேன்.

இரண்டே வாரத்தில் முயல் மெலிந்தது. புழுக்கையும் சிறுத்துப் போனது. கால்நடை மருத்துவர் முதலில் கேட்டது, "என்ன தீனி போடுகிறீர்கள்?" வைக்கோல் என்றதும் தலையை ஆட்டினார்.

தோட்டத்தில் மாடு வளர்த்த பக்கத்து வீட்டுப் பாட்டி சிரித்தே விட்டார். "தம்பி, நெல்லை எடுத்த பிறகு மிஞ்சுறதுதானே வைக்கோல்? சத்தெல்லாம் நெல்லுக்குப் போயிடுச்சே! வெறும் வைக்கோல் போட்டா மாட்டுக்கே பால் வத்திடும். பச்சைப் புல்லும் புண்ணாக்கும் சேர்த்துப் போடணும்."

வித்தியாசம் அவ்வளவுதான். வைக்கோல், மலாயில் 'ஜெராமி', கதிர் முற்றிக் காய்ந்த பயிரின் தாள். 'ஹே' என்பது தீவனத்துக்கென்றே வளர்த்து, விதை முற்றும் முன்பே பச்சையாக அறுத்து உலர்த்திய புல். நெல் வைக்கோலில் புரதம் சுமார் 4 விழுக்காடுதான். நல்ல உலர்புல்லில் அதைப்போல் இரு மடங்கு இருக்கும். கையில் எடுத்தாலே தெரியும். உலர்புல் இளம்பச்சையாக, இலையோடு மணக்கும். வைக்கோல் மஞ்சளாக, வழவழப்பான தண்டாக இருக்கும்.

நாமோ பேச்சில் இரண்டையும் வைக்கோல் என்றே சொல்லிவிடுகிறோம். நானும் அதில்தான் ஏமாந்தேன்.

இங்கேயே உலர்புல் செய்யலாமே என்று தோன்றும். அறுத்த புல் காய, தொடர்ந்து சில நாள் நல்ல வெயில் வேண்டும். நம் ஊர் மழையும் ஈரக்காற்றும் விடுவதில்லை. அரைகுறையாகக் காய்ந்ததைக் கட்டி வைத்தால் பூஞ்சை பிடிக்கும். பெரிய போராக இருந்தால் உள்ளே சூடேறித் தானாகவே தீப்பற்றுவதும் உண்டு. அதனால்தான் இங்கே மாடு வளர்ப்பவர்கள் நேப்பியர் புல்லைப் பச்சையாகவே அறுத்துப் போடுகிறார்கள்.

முயலின் பற்கள் ஆயுள் முழுக்க வளரும். அவை தேயவும் குடல் இயங்கவும் புல்தான் அதற்கு முக்கிய உணவு. சுத்தமான பச்சைப் புல்லும் கொடுக்கலாம்; கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்க வேண்டும். சாலையோரத்திலும் செம்பனைத் தோட்டத்திலும் மட்டும் அறுக்காதீர்கள். களைக்கொல்லி தெளித்திருக்கக்கூடும்.

எங்கள் முயல் மறுபடி திமோத்தி தின்று தேறிவிட்டது. மிச்ச வைக்கோலைப் பாட்டி வீணாக்க விடவில்லை. அவர் வீட்டு மிளகாய்ச் செடிகளின் அடியில் அது ஈரம் காக்கிறது.